இதயப்புழுவும் பழியின் கணக்கும்

மருந்து தவறியதா, மருந்தைக் கொடுத்த கை தவறியதா என்பது மருத்துவத்தின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. நோயாளி மனிதனாயின் அவனையே கேட்டறியலாம். நோயாளி நாயாயின் அதற்கு வாயில்லை. அதன்பொருட்டு விடை கூறவேண்டியவர் அதனை வளர்ப்பவரே. ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆறு கடலை அணுகும் தாழ்நிலங்களில், இவ்வினா கடந்த இருபது ஆண்டுகளாக ஒரு வழக்கின் தன்மையையே பெற்றுவிட்டது. மாதந்தோறும் ஒரு குளிகை. அதனைத் தவறாது கொடுத்துவரின் நாயின் இதயத்திற் புழு வளராது என்பது மிருக வைத்தியர் அளிக்கும் உறுதி. வளர்ப்பவரும் கொடுத்துவருகின்றார். ஆண்டுக்கொரு முறை செய்யப்படும் குருதிச் சோதனையில் ஒருநாள் புழு உண்டெனத் தெரியவருகின்றது. "ஒரு மாதமேனும் தவறவில்லையா?" என்று வைத்தியர் வினவுகின்றார். "இல்லை" என்கின்றார் வளர்ப்பவர். அவ்விடையை வைத்தியர் முற்றாக நம்புவதில்லை, நம்பாமையை வெளிக்காட்டுவதுமில்லை. ஆயினும் வெளிக்காட்டப்படாத அந்நம்பாமையை வளர்ப்பவர் நன்கு உணர்ந்துகொள்கின்றார். தன் அன்பின் மீதே ஐயம் விழுந்ததாக அவர் மனம் வெதும்புகின்றது.

இவ்வழக்கில் அண்மைக் காலத்திற் புதிய சாட்சியொன்று அழைக்கப்பட்டுள்ளது. அது நாயின் குருதியிற் காணப்படும் புழுவின் பரம்பரையலகு. அச்சாட்சி எதனைக் கூறவல்லது, எதனைக் கூறமாட்டாதது என்பதை ஆராயுமுன், வழக்கிற்குக் காரணமாகிய புழுவைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

நாயின் இதயப்புழுவை 1856ஆம் ஆண்டில் விவரித்துப் பெயரிட்டவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த யோசப் லெய்டி என்னும் அறிஞர். இன்று அது டைரோபிலாரியா இமிற்றிசு என வழங்கப்படுகின்றது. முதிர்ந்த பெண்புழு 25 முதல் 30 சதமமீற்றர் வரை நீளமுடையது. ஆண்புழு அதனினும் குறுகியது. அவிந்த நூடில்சு இழைபோன்ற வெண்ணிறம். சுவாசப்பைக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் நாடிகளே அதன் உறைவிடம். புழுக்கள் பெருகியவிடத்து இதயத்தின் வலப்புற அறைகளையும் அவை அடைத்துக்கொள்ளும். ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை அங்கேயே வாழ்ந்து, நுண்குடம்பிகளைக் குருதியிற் சொரிந்துகொண்டிருக்கும். நுளம்பொன்று நாயைக் கடிக்கும்போது இந்நுண்குடம்பிகள் அதன் உடலுட் புகுகின்றன. வெப்பமான காலநிலையில் இரண்டு கிழமை அளவில் அவை தொற்றும் பருவத்தை அடைந்து, அடுத்த கடியின்போது வேறொரு நாயின் தோலின்மேல் இறங்கி, கடிவாய்த் துளைவழியே உட்செல்கின்றன. நுளம்பின் உடலைக் கடவாத நுண்குடம்பி முதிர்ந்த புழுவாக ஒருபோதும் மாறுவதில்லை. உட்சென்ற குடம்பி தோலின் கீழும் தசைகளிலும் திரிந்து, இரண்டு மாதங்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்திற் சுவாசப்பை நாடிகளை எய்துகின்றது. அது முதிர்ந்து தன் குஞ்சுகளைக் குருதியில் விடுவதற்கு ஆறு மாதங்களுக்கு மேலாகும். இந்த நீண்ட மௌனமே பின்வரும் குழப்பங்கள் அனைத்துக்கும் வித்து.

முதிர்ந்த புழுவைக் கொல்லும் மருந்து எளிதானதன்று. மெலார்சொமின் எனப்படும் அம்மருந்து ஆசனிக்குச் சேர்வையாகும். அதனை நாயின் இடுப்புத் தசையில் ஆழமாக ஊசிமூலம் ஏற்றுவர். புழு இறந்தபின்னர் அதன் துண்டுகள் நாடிகளை அடைத்தல் கூடுமாதலால், நாயை வாரக்கணக்கில், மாதக்கணக்கிற் கட்டிவைத்து, ஓடவும் குதிக்கவும் விடாது பேணவேண்டும். இளநாயொன்றைத் துள்ளாது வைத்திருத்தல் எத்துணைக் கடினம் என்பதை நாய் வளர்த்தோர் அறிவர். ஆகவே நோயை மாற்றுவதினும் வராமற் காப்பதே அறிவுடைமை என்பது இத்துறையில் வெறும் முதுமொழியன்று. உயிரோடு தொடர்புடைய கணக்கு.

தடுப்பு மருந்தின் வரலாறும் சுவையானது. முன்னாளில் டையீதைல்காபமசீன் என்னும் மருந்தை நாள்தோறும் கொடுக்கவேண்டியிருந்தது. இதே மருந்துதான் இலங்கையில் யானைக்கால் நோயை ஒழித்தற்பொருட்டு மக்களுக்கு வழங்கப்பட்டது. பின்னர், யப்பானின் இற்றோ நகரையடுத்த கவானா என்னுமிடத்தில், கோல்வ் மைதானமொன்றின் அருகே எடுக்கப்பட்ட மண்ணிலிருந்து சற்றோசி ஓமுரா பிரித்தெடுத்த நுண்ணுயிரொன்றிலிருந்து, வில்லியம் கம்பெல் முதலியோரின் உழைப்பால் ஐவர்மெக்ரின் என்னும் மருந்து தோன்றிற்று. இவ்விருவரும் 2015ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பங்குகொண்டனர். நாய்களுக்கு மாதமொருமுறை கொடுக்கும் ஐவர்மெக்ரின் ஐக்கிய அமெரிக்காவில் 1987இல் அனுமதிக்கப்பட்டது. அதே ஆண்டிலேதான் ஆற்றுக் குருட்டு நோயாற் பீடிக்கப்பட்ட மக்களுக்கு அம்மருந்தை இலவசமாக வழங்கும் முடிவும் அறிவிக்கப்பட்டது. செல்வந்த நாட்டின் வீட்டு நாயும் வறிய நாட்டின் உழவனும் ஒரே மண்ணிற் பிறந்த மருந்தால் ஒரே காலத்திற் பயன்பெற்றமை எண்ணிப் பார்க்கத்தக்கது.

இம்மருந்து தொழிற்படும் முறையைப் பலரும் பிழையாக விளங்கிக்கொள்கின்றனர். அது வரவிருக்கும் ஒரு மாதத்துக்கு நாயைச் சுற்றி எழுப்பப்படும் வேலியன்று. கழிந்த ஒரு மாதத்தினுள் உடலுட் புகுந்த இளங்குடம்பிகளைப் பின்னோக்கிச் சென்று அழிப்பதே அதன் செயல். குறித்த பருவத்தைக் கடந்து வளர்ந்துவிட்ட குடம்பி அதன் பிடியிலிருந்து நழுவிவிடும். இதன் காரணமாகவே ஒரு மாதத்துக் குளிகை தவறினும் புழு நுழைந்துகொள்ள வழி பிறக்கின்றது. வைத்தியரின் ஐயம் ஆதாரமற்றதன்று என்பதையும் ஈண்டு மனங்கொள்ளுதல் வேண்டும். மனிதர் மறதியுடையர். நாயோ குளிகையை வாயின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்து, எசமான் அப்பாற் சென்றதும் துப்பிவிடும் ஆற்றல் படைத்தது. இரவில் வாந்தியெடுத்து விட்டாலும் அறிவார் இலர். வளர்ப்பவர் பொய்யுரையாமலே அவர் கூற்றுப் பொய்யாகிவிடல் கூடும்.

புழு உண்டா இல்லையா என்பதை அறிதற்கு வழிகள் பல. நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரு துளி குருதியை வைத்து, அதனுள் நெளியும் நுண்குடம்பியைக் காண்பதே பழைய முறை. 1939இல் நொற் என்பவர் வெளியிட்ட முறையில், ஒரு மில்லிலீற்றர் குருதியைப் போமலின் கரைசலோடு கலந்து, மையநீக்கியிற் சுழற்றி, அடியிற் படிந்ததைச் சாயமிட்டுப் பார்ப்பர். இன்று பெரிதும் வழக்கிலுள்ளது, முதிர்ந்த பெண்புழு வெளிவிடும் ஒரு புரதத்தைக் குருதியிற் கண்டறியும் சோதனையாகும். வைத்தியசாலையிலேயே சில நிமிடங்களில் விடை கிடைத்துவிடும். எனினும் புழு முதிருமுன் அது காட்டாது. ஆண்புழுக்கள் மட்டும் இருப்பினும் காட்டாது. நாயின் உடலெதிரிகள் அப்புரதத்தைப் பற்றிப் பிணைத்துக்கொண்டவிடத்தும் சோதனை ஏமாந்துவிடும். குருதிப்பாயத்தைச் சூடாக்கி அப்பிணைப்பைக் குலைத்தபின்னரே உண்மை வெளிப்படும்.

நுணுக்குக்காட்டிக்கும் தன் எல்லை உண்டு. நாயின் குருதியில் வாழும் நுண்குடம்பிகள் அனைத்தும் இதயப்புழுவின் குஞ்சுகளல்ல. தெள்ளினாற் பரப்பப்படும் அக்காந்தோக்கைலோனெமா இனத்துப் புழுவொன்று தோலின் கீழ் வாழ்ந்து, நாய்க்குப் பெருந்தீங்கு விளைக்காதது. அதன் நுண்குடம்பி இதயப்புழுவின் நுண்குடம்பியினும் சற்று மெலிந்தது. அகலத்தில் ஓரிரு மைக்குரோமீற்றரே வேறுபாடு. களைத்த கண்ணொன்று இவ்வேறுபாட்டைத் தவறவிடுமாயின், தீங்கற்ற புழுவின்பொருட்டு நாயின் உடலில் ஆசனிக்கு ஏற்றப்படும் நிலை உருவாகலாம். பெயர் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும்.

இவ்விடத்திலேதான் பரம்பரையலகுச் சோதனை முதன்முதலாகப் பயன்தரத் தொடங்கிற்று. 1983இல் கரி மல்லிசு எண்ணத்திற் கொண்டதும், பின்னர் அவருக்கு 1993இல் நோபல் பரிசை ஈட்டிக்கொடுத்ததுமாகிய பொலிமரேசுச் சங்கிலித் தாக்கம், டி. என். ஏ. இழையின் ஒரு சிறு பகுதியை மட்டும் தெரிந்தெடுத்துக் கோடிக்கணக்கிற் படியெடுக்கும் முறையாகும். 2006இல் வெளியான ஓர் ஆய்வில் றிஷ்னிவ் முதலியோர் நாயின் குருதியிற் காணப்படும் ஆறுவகைப் புழுக்களை ஒரே தாக்கத்தால் வேறுபடுத்தும் முறையைக் காட்டினர். புழுக்கள் அனைத்திலும் ஒத்திருக்கும் இரு முனைகளைப் பற்றிக்கொண்டு, அவற்றுக்கு இடைப்பட்ட பகுதியைப் படியெடுப்பதே அதன் உபாயம். இடைப்பகுதியின் நீளம் இனத்துக்கு இனம் வேறுபடும். இதயப்புழுவாயின் 542 மூலச்சோடிகள். அதன் நெருங்கிய உறவாகிய டைரோபிலாரியா ரெப்பென்சு ஆயின் 484. மின்புலத்தின் வழியே கூழ்ப் படலத்தில் இவற்றை ஓடவிட்டால், குறுகியது முந்தியும் நீண்டது பிந்தியும் செல்ல, வெவ்வேறு இடங்களிற் கோடுகள் தோன்றும். கண்ணுக்குப் புலனாகாத வேறுபாடு கண்முன் வரியாக வந்து நிற்கின்றது.

ஆயினும் இச்சாட்சியும் கேட்ட வினாவுக்கே விடையளிக்கும். குருதியில் நுண்குடம்பி இல்லாவிடத்து, நாடியில் முதிர்ந்த புழுக்கள் நிறைந்திருப்பினும், இச்சோதனை அவற்றைக் காணத் தவறிவிடும். மறுபுறத்தில், தாயின் கருவறைவழியே நுண்குடம்பிகளைப் பெற்றுப் பிறந்த குட்டியின் குருதி புழுவின் பெயரை உரக்கச் சொல்லும். அதன் இதயத்திலோ ஒரு புழுவும் இராது. ஆகவே புரதச் சோதனையும் பரம்பரையலகுச் சோதனையும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. ஒன்றின் குருட்டிடத்தை மற்றது நோக்குகின்றது.

இனத்தின் பெயரை அறிந்தபின் எழும் வினா அதனினும் கடினமானது. இப்புழு மருந்துக்கு அஞ்சாத புழுவா? ஐக்கிய அமெரிக்காவில் இத்தடுப்பு மருந்துகள் நூற்றுக்கு நூறு வீதம் பயன்தருவன எனக் காட்டப்பட்ட பின்னரே அனுமதி பெற்றவை. நூற்றுக்கு நூறு என்னும் அவ்வெண் வளர்ப்பவருக்கு எதிரான சான்றாகவே நெடுங்காலம் பயன்பட்டது. மருந்து தவறாது, எனவே தவறியவர் வளர்ப்பவரே என்பது அதன் தருக்கம். 2005ஆம் ஆண்டளவில் இத்தருக்கம் தளரத் தொடங்கிற்று. மருந்து பயன்தரவில்லை என்னும் முறைப்பாடுகள், சிறப்பாக மிசிசிப்பியின் கீழ்ப்பள்ளத்தாக்கிலிருந்து, மிகுந்து வந்தன. அதே ஆண்டில் கற்றீனாப் புயல் நியூ ஓர்லியன்ஸ் நகரை அழித்தபோது, கைவிடப்பட்ட நாய்கள் பெருந்தொகையாக மீட்கப்பட்டுத் தொலைவிலுள்ள மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டன. அவ்வாண்டின் புயல்களிலிருந்து காப்பாற்றப்பட்ட நாய்களிற் சோதிக்கப்பட்டவற்றுள் ஏறத்தாழ அரைவாசி இதயப்புழுத் தொற்றுடையவை எனப் பின்னர் வெளியான ஆய்வு காட்டிற்று. கருணையின் பயணமும் புழுவின் பயணமும் ஒரே வண்டியில் நிகழ்ந்தன.

நியூ ஓர்லியன்ஸிலிருந்து கனடாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட நாயொன்று இவ்வழக்கின் போக்கை மாற்றியவற்றுள் ஒன்று. முதிர்ந்த புழுக்களைக் கொல்லும் சிகிச்சையின் பின்னரும், நுண்குடம்பிகளை அழிக்கவல்ல மருந்துகள் மீண்டும் மீண்டும் கொடுக்கப்பட்ட பின்னரும், அதன் குருதியில் நுண்குடம்பிகள் நீங்கவில்லை. இங்கே வீட்டில் மறதியென்று கூற இடமிருக்கவில்லை. மொன்றியலிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அத்தகைய புழுக்களின் பரம்பரையலகுகளை நோக்கினர். உயிரணுவினுட் புகும் அந்நியப் பொருள்களை வெளியே இறைத்துவிடும் பி-கிளைக்கோபுரதம் என்னும் பம்பிபோன்ற புரதத்துக்குரிய அலகொன்றில், மருந்துக்குத் தப்பிய நுண்குடம்பிகளிடையே குறித்த வேறுபாடு மிகுந்து காணப்பட்டதை 2011இல் வெளியிட்டனர். 2012இல் இதயப்புழுவின் பரம்பரைத் தொகுதி முழுவதும் வாசித்து வெளியிடப்பட்டது. அதன் பின்னர், மருந்துக்கு அடங்கும் புழுக்களையும் அடங்காத புழுக்களையும் ஒப்பிட்டு, அடையாளமாகக் கொள்ளத்தக்க 42 இடங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. பிந்திய ஆய்வுகள் அத்தொகையை ஒரு சிலவாகச் சுருக்கின. 2014இல் வெளியான ஆய்வொன்றில், மருந்தை எதிர்க்கும் புழுவழிகளை ஆய்வுகூட நாய்களில் நிலைபெறச் செய்து, எதிர்ப்பு உண்மையென்பது நிறுவப்பட்டது. மருந்தை மருந்தகத்திலிருந்தே தவறாது கொடுத்தும் புழு வளர்ந்தது. நெடுங்காலமாக நம்பப்படாதிருந்த வளர்ப்போர் பலரின் "இல்லை" என்னும் சொல்லுக்கு அன்று ஒரு மதிப்புக் கிடைத்தது.

இவ்விடத்தில் நின்றுவிட்டால் கதை இனிதே முடியும். ஆனால் உண்மை அத்துணை எளிதானதன்று. பரம்பரையலகின் அடையாளமும் எதிர்ப்பும் ஒன்றாகக் காணப்படுகின்றன என்பதனால், அவ்வடையாளமே எதிர்ப்புக்குக் காரணம் என்று கொள்ளுதல் பொருந்தாது. பின்னும், ஒரு நாயின் குருதியில் எதிர்ப்படையாளம் பெற்ற புழுக்கள் இருப்பது, அந்நாயின் வளர்ப்பவர் குளிகையைத் தவறவிடவில்லை என்பதற்குச் சான்றாகாது. எதிர்க்கும் புழுவும் மறதியுள்ள வீட்டினுள் நுழையலாம். அடங்கும் புழுவும் துப்பப்பட்ட குளிகையின் இடைவெளியில் நுழையலாம். அன்றாட நடைமுறையில் இதனினும் எளிய சோதனையொன்று உண்டு. நுண்குடம்பிகளை எண்ணி, அவற்றைக் கொல்லும் அளவில் மருந்து கொடுத்து, சில கிழமைகளின் பின்னர் மீண்டும் எண்ணுவர். தொகை செங்குத்தாக வீழ்ந்தாற் புழு அடங்குவது, வீழாவிடின் ஐயத்துக்குரியது. இதுவும் புழுவைப் பற்றிய சாட்சியேயன்றி மனிதரைப் பற்றிய சாட்சியன்று.

பழியின் கணக்கு வளர்ப்பவரோடும் முடிவதில்லை. ஆசனிக்கு ஊசியின் செலவுக்கும் அபாயத்துக்கும் அஞ்சி, தொற்றுள்ள நாய்க்குத் தடுப்புக் குளிகையையே மாதந்தோறும் கொடுத்து, முதிர்ந்த புழு மெல்ல மெல்ல மடியும் வரை காத்திருக்கும் வழக்கம் வைத்தியரிடையே இருந்துவந்துள்ளது. அக்காத்திருப்பு ஈராண்டும் நீளலாம். அக்காலமெல்லாம் நாயின் நாடிகள் சிதைவுறுவதோடு, மருந்துக்குத் தப்பிய புழுக்களின் குஞ்சுகளே நுளம்புக்கு இரையாகக் கிடைக்கின்றன. எதிர்ப்பை வளர்த்தெடுக்க இதனினும் சிறந்த பண்ணை வேறில்லை. 1974இல் தோன்றிய அமெரிக்க இதயப்புழுச் சங்கம் இம்முறையை ஏற்பதில்லை. எனினும் பணமில்லாத வீட்டுக்கு வைத்தியர் வேறெதனைக் கூறுவார்? நல்ல சிகிச்சையை வாங்க இயலாதவரின் நாயிலிருந்து புறப்படும் புழு, வாங்க இயன்றவரின் நாயை நாளை அடைகின்றது. குற்றம் ஒருவர் கையில் நில்லாது, நுளம்பைப்போல வேலி கடந்து செல்கின்றது. ஒருமுறை ஏற்றினால் 12 மாதங்கள் காக்கும் ஊசியை ஐக்கிய அமெரிக்கா 2019இல் அனுமதித்தது. அதனை ஏற்றுபவர் வைத்தியரே. அதன் பின்னரும் புழு தோன்றுமாயின் வீட்டாரின் மறதி விடையாகாது. ஐயத்தை ஆராய்ந்து தீர்ப்பதினும் ஐயத்துக்கு இடமின்றிச் செய்வது சில வேளைகளில் நன்று.

நாயின் சொந்தப் பரம்பரையலகும் இவ்வரலாற்றில் ஓரிடம் பெறுகின்றது. கொலி முதலான ஆடு மேய்க்கும் இன நாய்கள் சில, ஐவர்மெக்ரினை மிகுந்த அளவில் உட்கொண்டபோது நடுங்கி, மயங்கி, இறந்தும் போயின. அதன் காரணத்தை 2001இல் வாஷிங்ரன் மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். மூளையிலிருந்து மருந்தை வெளியேற்றும் பி-கிளைக்கோபுரதத்துக்குரிய அலகு அந்நாய்களிற் பழுதுற்றிருந்தது. பம்பி பழுதுற்றதால் நாய் மடிகின்றது. அதே குடும்பத்துப் பம்பியில் நேர்ந்த மாற்றம் புழுவின் தப்புதலோடு தொடர்புற்றுக் காணப்படுகின்றது. புழுத்தடுப்புக்கு வேண்டிய அளவு ஒரு கிலோகிராமுக்கு 6 மைக்குரோகிராம் என்னும் மிகச் சிறிய அளவாதலால், பழுதுற்ற அலகுடைய நாய்க்கும் அது தீங்கு செய்வதில்லை. நாயும் புழுவும் ஒரே வகைக் கருவியைக் கொண்டு ஒரே நஞ்சை எதிர்கொள்கின்றன என்பதை எண்ணும்போது, உயிர்களிடையே உள்ள உறவு மனிதர் வகுத்த நண்பர், பகைவர் என்னும் பிரிவுகளுக்கு அடங்காதது என்பது புலனாகும்.

இலங்கைக்கு வந்தால் இவ்வினா வேறு வடிவம் பெறுகின்றது. இங்கு நாய்களிடையே பரவலாகக் காணப்படுவது இதயப்புழுவின் உறவாகிய டைரோபிலாரியா ரெப்பென்சு. அது இதயத்தை நாடாது தோலின் கீழ் வாழ்வது. நாய்க்குப் பெரும்பாலும் பெருந்துன்பம் விளைப்பதில்லை. ஆனால் நுளம்பின் வழியே மனிதரையும் அது அடைகின்றது. மனித உடலிற் பெரும்பாலும் முதிர்ந்து இனம்பெருக்க இயலாது, தோலின் கீழ்க் கட்டியாகவும், சிலரிற் கண்ணின் மென்படலத்தின் கீழ் நெளியும் புழுவாகவும் வெளிப்படும். இலங்கையில் சிறுவரும் இதற்கு ஆளாகியுள்ளனர். பேராசிரியர் ஏ. எஸ். திசாநாயக்கவும் அவரோடு இணைந்தோரும் இந்நாட்டு மனிதரில் நிகழ்ந்த இத்தொற்றுப் பற்றி 1997இல் விரிவாக எழுதியுள்ளனர். தாயொருத்தி தன் பிள்ளையின் உடலிற் கட்டியைக் கண்டு புற்றுநோயென அஞ்சி நடுங்கும்போது, அறுத்தெடுத்த துண்டினுள் இருப்பது நாய்ப்புழுவே என அறுதியிட்டுக் கூற வல்லதாயின், பரம்பரையலகுச் சோதனையின் பயன் இதனினும் வேறு வேண்டுவதில்லை.

இன்னொரு பொருளும் உண்டு. யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரச் சிக்கலென்னும் நிலையிலிருந்து இலங்கையில் ஒழிக்கப்பட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016இல் ஏற்றுக்கொண்டது. இந்நாட்டில் முன்னர் அந்நோயை விளைத்த இருவகைப் புழுக்களுள் ஒன்றாகிய புறூகியா மலாயி, நீர்நிலைகளில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேரைப் பற்றி வாழும் மன்சோனியா நுளம்பால் பரவியது. அத்தாவரத்தை அகற்றியமையும் அதன் மறைவுக்கு உதவிற்று. கடந்த நூற்றாண்டின் அறுபதுகளோடு மறைந்ததாகக் கருதப்பட்ட புறூகியாத் தொற்று, நான்கு தசாப்தங்களின் பின்னர் மனிதரிடமும் நாய்களிடமும் மீண்டும் பதிவாகத் தொடங்கிற்று. இது பழைய மனிதப்புழுவின் மீள்வருகையா, விலங்கிடமிருந்து வரும் வேறொரு புழுவா? நாய்களில் வாழும் புறூகியா சிலோனென்சிசு என்னும் இனம் இத்தீவிலேயே கண்டறியப்பட்டு 1962இல் ஜயவர்தன என்பவரால் விவரிக்கப்பட்டது. இவ்வினங்களின் நுண்குடம்பிகள் ஒன்றையொன்று பெரிதும் ஒத்தவை. நுணுக்குக்காட்டியால் மட்டும் இவற்றைப் பிரித்தறிதல் எளிதன்று. ஒழிக்கப்பட்டதென அறிவிக்கப்பட்ட நோய் திரும்பியதா இல்லையா என்னும் பெருவினாவுக்குத் தெருநாயொன்றின் குருதித் துளி விடைகூற வேண்டியிருக்கின்றது.

மிசிசிப்பிக் கரையிலே வளர்ப்பவர் ஒருவரேனும் உளர். அவரைப் பழிக்கவோ நம்பவோ இயலும். சந்தை வாயிலிலும் கோயில் வீதியிலும் படுத்துறங்கும் நாய்க்கு அவ்வாறு ஒருவரும் இலர். அதற்குக் குளிகை கொடுப்பார் இல்லையாதலாற் குளிகையைத் தவறவிட்டாரும் இல்லை. வியப்பென்னவெனில், அத்தகைய ஆதரவற்ற விலங்குகளே மருந்தின் வாழ்நாளை நீட்டிக்கின்றன. அமெரிக்கக் காடுகளிலுள்ள கொயோட்டி நரிகளிலும் மருந்து காணாத நாய்களிலும் வாழும் புழுக்கள், மருந்துக்கு அடங்கும் தம் பரம்பரையலகுகளைத் தொடர்ந்து புழுக்குலத்திற் கலந்துகொண்டிருக்கின்றன. அதனால் எதிர்ப்புப் பரவுதல் தாமதமாகின்றது. பேணப்படாத நாயின் நோயாற் பேணப்படும் நாய் ஒருவகையிற் காக்கப்படுகின்றது. அக்கடனை யார் எவ்வாறு தீர்ப்பர் என்பதை எந்தச் சோதனையும் கூறாது.

பரம்பரையலகுச் சோதனைக்குக் கருவி வேண்டும், நொதியம் வேண்டும், பயின்ற கை வேண்டும், இவை அனைத்துக்கும் பணம் வேண்டும். ஆயின் இந்நாட்டில் அதற்கான முதல் தேவை அதனினும் சிறியது. தோற்கட்டியொன்றை அறுத்தெடுக்கும் மருத்துவரும், நாய்க்கு விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றச் செல்லும் மிருக வைத்தியரும், நுளம்பைப் பிடித்து ஆராயும் பூச்சியியல் அறிஞரும் தத்தம் குறிப்பேடுகளை ஒருவருக்கொருவர் காட்டுதல் வேண்டும். புழுவுக்கு இம்மூவரின் எல்லைகளும் தெரியா. அது நாயிலிருந்து நுளம்புக்கும் நுளம்பிலிருந்து பிள்ளைக்கும் தடையின்றிச் செல்கின்றது. அதனைப் பின்தொடர்வோர் மட்டும் தத்தம் திணைக்கள வாயிலில் நின்றுவிடின், எத்துணை நுண்ணிய சோதனையும் பாதி வழியிலேயே நின்றுவிடும்.